வியன்னாத் தீண்டாமை

2013 டிசம்பர் 17 அன்று டெல்லி சாணக்கியபுரிக்குள் ஒரு புல்டோசர் நுழைந்தது. அமெரிக்கத் தூதரகத்தை ஒட்டிய சாலையில் பாதுகாப்புக்காகப் போட்டிருந்த கான்கிரீட் தடுப்புகளை நெம்பி அகற்றியது. தொலைக்காட்சிக்காரர்கள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தேசம் எழுந்து நின்று கைதட்டாத குறை. சாலையின் பெயர் நியாய மார்க். அந்தப் பெயரில் இருந்த நக்கலை அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஐந்து நாள் முன்பு நியூயார்க்கில் நம் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடேயைக் கைது செய்து, உடையைக் களைந்து சோதனை போட்டிருந்தார்கள். அது அசிங்கம்தான். எந்தப் பெண்ணுக்கும் அது நடக்கக் கூடாது. ஆனால் வழக்கு எதைப் பற்றியது? வீட்டு வேலைக்கு இந்தியாவிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துப் போக விசா கேட்டபோது, மணிக்கு 9.75 டாலர் கூலி என்று தாளில் காட்டிவிட்டு, தனியாக இன்னொரு ஒப்பந்தம் போட்டு 3.31 டாலருக்கு மேல் போகாத கூலிக்கு வேலை வாங்கினார் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. தேவயானி மறுத்தார். யார் சொல்வது சரி என்பதை ஒரு நடுவர் குழு முன் உட்கார்ந்து விசாரித்திருக்கலாம். அதற்குள் நம் அரசு அவரை ஐ.நா. தூதுக்குழுவுக்கு மாற்றி முழு விலக்குரிமை வாங்கிக் கொடுத்தது. 2014 ஜனவரியில் குற்றச்சாட்டு பதிவான கையோடு அவர் விமானம் ஏறிவிட்டார்.

இடையில் நடந்த கூத்துதான் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாதது. டெல்லிக்கு வந்திருந்த அமெரிக்க எம்.பி.க்களைச் சந்திக்க ராகுல் காந்தி மறுத்தார், நரேந்திர மோடியும் மறுத்தார். இருவரும் ஒரே விஷயத்தில் ஒரே பக்கம் நின்ற அபூர்வத் தருணம். விவசாயிக்காக அது நடக்கவில்லை, நெசவாளிக்காக நடக்கவில்லை. அமெரிக்கத் தூதரக அதிகாரிகளின் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களுக்கு வரும் வரியில்லாத மதுவை நிறுத்தினார்கள். நாட்டின் தன்மானம் எந்தப் புட்டியில் அடைபட்டிருக்கிறது என்று எதிரிக்கே தெரிந்துபோனது.

அந்த வேலைக்காரப் பெண்ணும் இந்தியர்தான் என்பதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அவரிடமும் ஒரு கடவுச்சீட்டு இருந்தது. அதிகாரியுடையது அரக்கு நிறம். அவருடையது, அதிகாரி வீட்டு வேலைக்கென்று அரசு கொடுத்த வெள்ளை. சாதாரண சனத்துடையது கருநீலம். மூன்று அட்டையிலும் அதே அசோகச் சிங்கங்கள், கீழே அதே 'வாய்மையே வெல்லும்'. அரக்குப் புத்தகத்துக்காகப் புல்டோசர் அனுப்பிய அரசு, வெள்ளைப் புத்தகத்தை ரத்து செய்தது. ஆமாம், கூலி பாக்கி என்று சொன்ன பெண்ணின் கடவுச்சீட்டைத்தான் ரத்து செய்தது. டெல்லி நீதிமன்றத்தில் அவர் பேருக்குப் பிடிவாரண்ட்டும் பிறந்தது.

போகட்டும், அமெரிக்காவின் திமிருக்கு எதிராக வந்த ரோஷம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டே வருஷத்தில் அந்த ரோஷத்துக்கு ஒரு தேர்வு வந்தது. 2015 செப்டம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில், அப்போது குர்கான் என்று அழைக்கப்பட்ட ஊரில், ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து இரண்டு நேபாளப் பெண்களைப் போலீஸார் மீட்டார்கள். வீட்டு வேலைக்கென்று வந்தவர்கள். அந்த வருஷம் ஏப்ரலில்தான் நேபாளம் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்திருந்தது. அடைத்து வைத்தார்கள், அடித்தார்கள், பலர் சேர்ந்து வன்புணர்ந்தார்கள் என்பது அந்தப் பெண்களின் வாக்குமூலம். வீட்டில் குடியிருந்தவர் சவூதித் தூதரகத்தின் முதல்நிலைச் செயலாளர். தூதரகம் எல்லாவற்றையும் மறுத்தது. அதோடு விடாமல், தங்கள் அதிகாரியின் வீட்டுக்குள் போலீஸ் எப்படி நுழையலாம் என்று கண்டனமும் தெரிவித்தது. சில நாளில் நம் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது: வியன்னா உடன்படிக்கையின் பாதுகாப்பில் இருந்த அந்த அதிகாரி இந்தியாவைவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். நியாய மார்க்குக்கோ அநியாய மார்க்குக்கோ எந்தப் புல்டோசரும் வரவில்லை. எந்தத் தலைவரும் எவரையும் சந்திக்க மறுக்கவில்லை. முதல் வழக்கில் அதிகாரி நம்மவர், வேலைக்காரி நம்மவர். இரண்டாவதில் இருவரும் அயலார். இரண்டிலும் நம் அரசு அதிகாரியைப் பத்திரமாக வழியனுப்பி வைத்தது. வெளியுறவுக் கொள்கையில் தொடர்ச்சி இல்லை என்று சொல்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அது என்ன வியன்னா? 1961 ஏப்ரல் 18 அன்று ஆஸ்திரியத் தலைநகரில் கையெழுத்தான தூதரக உறவுகள் உடன்படிக்கை. இந்தியா அதற்கென்றே 1972இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. படித்துப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுதிய நிபந்தனைப் பட்டியல் மாதிரி இருக்கும். 29ஆம் பிரிவு: தூதரின் மேனியைத் தொடக் கூடாது, கைது கிடையாது, காவல் கிடையாது. 31: எந்தக் குற்றத்துக்கும் உள்ளூர் நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது, சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 22: தூதரகத்துக்குள் அதன் தலைவர் சம்மதிக்காமல் போலீஸ் காலடி வைக்கக் கூடாது. 27: தூதரகப் பையைத் திறக்கவோ தடுத்து வைக்கவோ கூடாது. 37: கூடவே குடியிருக்கும் குடும்பத்தாருக்கும் இந்தச் சலுகைகள் உண்டு.

நம் ஊரில் 'தொடக் கூடாதவர்' என்ற சொல்லைச் சமூகத்தின் அடியில் தள்ளி மிதித்தவர்கள்மேல் ஒட்டி வைத்தோம். அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. வியன்னாவில் அதே சொல்லைத் தலைகீழாக்கி உச்சியில் இருப்பவர்களுக்குச் சூட்டினார்கள். இந்தத் தீண்டாமைக்கும் தனி வாசல் உண்டு, தனி வீதி உண்டு, தனிக்குவளையும் உண்டு. குவளையில் வரி கட்டாத ஸ்காட்ச்.

41ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இருக்கும் நாட்டின் சட்டத்தை மதிப்பது தூதரின் கடமை என்று அது சொல்கிறது. மதிக்காவிட்டால்? 9ஆம் பிரிவின்படி 'வேண்டப்படாத நபர்' என்று அறிவித்துப் போகச் சொல்லலாம். காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை. கொலைக்குற்றமானாலும் உள்ளூர் அரசு தன் கையால் தரக்கூடிய அதிகபட்சத் தண்டனை ஒரு விமானப் பயணம்.

இலங்கையில் இதைவிடக் கடுமையாக இருந்தது. அனுமனைக் கொல் என்று ராவணன் சொன்னபோது, தூதுவனைக் கொல்வது முறையல்ல என்று எழுந்து சொன்னவன் விபீஷணன். 29ஆம் பிரிவின் முதல் வழக்கறிஞர். ராவணன் யோசித்து, உயிரை விட்டுவிட்டு வாலுக்குத் தீ வைத்தான். இன்றைக்கு அந்த வாலையும் தொட முடியாது. எரிகிற ஊரில் மட்டும் மாற்றமில்லை.

திருவள்ளுவர் 69ஆம் அதிகாரத்தைத் தூதுக்கென்றே ஒதுக்கினார். பத்துக் குறளும் தூதனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அடுக்குகின்றன. அன்பு, அறிவு, சொல்லில் தெளிவு, தன் உயிருக்கே கேடு வந்தாலும் அஞ்சாத உறுதி. பத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன், காருக்கு நிறுத்துமிடச் சலுகை பற்றி ஒரு வரி இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் எண்ணெய் பூசி அடுக்கியிருந்த அவன் ஆயுதங்களைப் பார்த்துப் புகழ்வதுபோலவே இகழ்ந்துவிட்டுத் திரும்பினார். கொடி கட்டிய வாகனம் எதுவும் அவருக்கு இருந்ததாகப் பாட்டில் தகவல் இல்லை.

விலக்குரிமையின் ஜாதகத்தையும் பார்த்துவிடலாம். பிள்ளை பிறந்ததே கடன் பாக்கியில்தான். 1708இல் லண்டனில் ருஷ்யத் தூதர் மத்வேயெவ் பதவி முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், கடன் கொடுத்த கடைக்காரர்கள் அமீனாக்களை விட்டு வண்டியிலிருந்து இழுத்து இறக்கிப் பிடித்து வைத்தார்கள். ஜார் மகா பீட்டர் கொதித்தார், சம்பந்தப்பட்டவர்களின் தலையைக் கேட்டார். ஆன் ராணியின் பாராளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டு, இனிமேல் தூதர்களைக் கடனுக்காகப் பிடிக்க முடியாது என்று எழுதி, பகட்டான நகல் ஒன்றை ஜாருக்கு அனுப்பிச் சமாதானம் செய்தது. அந்தக் கடைக்காரர்களுக்குப் பணம் வந்து சேர்ந்ததா என்று சரித்திரம் கவலைப்படவில்லை.

முந்நூறு வருஷம் ஆகியும் லண்டனில் அதே கணக்குதான் ஓடுகிறது. நகர மையத்துக்குள் வரும் வாகனங்களுக்கு 2003 முதல் நெரிசல் கட்டணம் உண்டு. தூதரகங்களில் பல, 'இது வரி, எங்களுக்கு வரிவிலக்கு' என்று சொல்லிக் கட்டுவதில்லை. 2023 கடைசிவரை நிலுவை 14 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. முதலிடம் அமெரிக்கா, 1.4 கோடிக்கு மேல். இரண்டாவது ஜப்பான். மூன்றாவது யார் என்று கேட்டால் மார்தட்டிக்கொள்ளலாம்: பாரதத் திருநாடு, 85 லட்சம் பவுண்டு. காலனியாதிக்கம் சுருட்டிக்கொண்டு போனதைக் கார் காராக வசூலிக்கிறோம் என்று ஒரு நண்பர் வாதாடினார். அப்படியானால் ஜப்பான் எதை வசூலிக்கிறது என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

பாக்கி வைப்பது சின்னச் சில்லறைத்தனம். அதே நகரத்தில் 1984இல் நடந்தது வேறு. ஏப்ரல் 17 அன்று செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் லிபியத் தூதரகத்தின் முன்னால் ஆர்ப்பாட்டம். உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். காவலுக்கு நின்ற இவோன் ஃப்ளெச்சர் என்ற 25 வயதுப் பெண் காவலர் செத்து விழுந்தார். கட்டடத்தைப் பதினோரு நாள் சூழ்ந்து நின்ற பிரிட்டிஷ் போலீஸ், பிறகு உள்ளே இருந்தவர்களைப் பாதுகாப்பாக அழைத்துப்போய் விமானம் ஏற்றிவிட்டது. அந்தக் கொலைக்காக இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை கிடையாது. சக காவலரைக் கொன்றவர்களுக்குக் காவல் கொடுத்துக் கூட்டிப்போகிற வேலையைச் செய்தவர்கள் அன்றிரவு வீட்டுக்குப் போய் என்ன பேசியிருப்பார்கள்?

அதே வருஷம் ஜூலையில் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நைஜீரியாவுக்குப் போகவிருந்த இரண்டு மரப்பெட்டிகள் சுங்கக்காரர்கள் கண்ணை உறுத்தின. தூதரகச் சரக்கு என்றார்கள். ஆனால் தூதரகப் பை என்று தெரியும்படியான முத்திரையும் அடையாளமும் முறைப்படி இல்லை. அந்தத் தாள்குறை தந்த தைரியத்தில் திறந்தார்கள். ஒன்றில் நைஜீரியாவின் முன்னாள் அமைச்சர் உமாரு திக்கோ, மயக்க ஊசி போட்ட நிலையில், தொண்டையில் குழாயோடு. பக்கத்திலேயே அவரை உயிரோடு கொண்டுசேர்க்க ஒரு மயக்க மருத்துவர், முழு விழிப்பில். 27ஆம் பிரிவு எவ்வளவு அவசியமானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அதை ஒழுங்காகப் படித்திருந்தால் மனிதனையே அஞ்சலில் அனுப்பியிருக்கலாம்.

இவ்வளவு திட்டுகிறவன் சட்டத்தைக் கிழித்துப்போடச் சொல்கிறானா என்றால், இல்லை. 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்து 52 பேரை 444 நாள் அடைத்து வைத்தார்கள். தூதனைத் தொடலாம் என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு சர்வாதிகாரியும் பிடிக்காத நாட்டின் தூதரைப் பொய்க் கேஸில் உள்ளே தள்ளுவான். யுத்தத்துக்கு நடுவிலும் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத் தலை இருக்க வேண்டும். என் கோபம் வேறு இடத்தில். இந்த விலக்குரிமை தூதரின் சொத்தே இல்லை. அவரை அனுப்பிய நாட்டின் சொத்து. 32ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: அனுப்பிய நாடு நினைத்தால் ஒரே கடிதத்தில் விலக்கிக்கொள்ளலாம். விசாரியுங்கள் என்று எழுதிக்கொடுக்க ஒரு கையெழுத்து போதும்.

அப்படி ஒரு கையெழுத்து விழுந்தும் இருக்கிறது. 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, 16 வயதுச் சிறுமியைக் கொன்றார். ஜார்ஜியா அப்போது சோவியத்திலிருந்து பிரிந்து ஆறு வருஷம்கூட ஆகாத ஏழை நாடு. அதிபர் ஷெவர்ட்நாட்ஸே விலக்குரிமையை விட்டுக்கொடுத்தார். அதிகாரிக்கு 7 முதல் 21 ஆண்டு வரை சிறை. 2019இல் இங்கிலாந்தில் ஓர் அமெரிக்க ஊழியரின் மனைவி சாலையின் தப்பான பக்கத்தில் கார் ஓட்டி 19 வயது மோட்டார் சைக்கிள் இளைஞனைக் கொன்றபோது, வல்லரசு அவரை விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டது. பெற்றோர் மூன்று வருஷம் கத்திய பிறகு, 2022இல் காணொளி வழியாக அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எட்டு மாதத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. கையெழுத்துப் போட ஏழை நாட்டிடம் மை இருந்திருக்கிறது.

இந்தியாவில் ஒரே ஒரு தடவை தூதர் ஒருவருக்கு வியர்த்தது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடற்கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலின் காவலுக்கு வந்த கடற்படை வீரர்கள், மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டார்கள். செத்தவர்கள் இரண்டு மீனவர்கள், ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர். கைதான இரண்டு வீரர்களும் மறு வருஷம் ஓட்டுப்போட ஊருக்குப் போக வேண்டும் என்றார்கள். நம்மூரில் விசாரணைக் கைதிகளுக்கு ஓட்டுரிமையே கிடையாது என்பது தனிக் கதை. இத்தாலியத் தூதர் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்: நான் பொறுப்பு, நான்கு வாரத்தில் திரும்பி வருவார்கள். போனார்கள். 2013 மார்ச் 11 அன்று, அவர்கள் வரமாட்டார்கள் என்று இத்தாலி அறிவித்தது.

உச்ச நீதிமன்றம் என்ன செய்ததென்றால், தூதர் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவு போட்டது. நீதிமன்றத்துக்கு வலிய வந்து வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் விலக்குரிமை பேசலாமா என்று கேட்டது. வியன்னா வியன்னா என்று இத்தாலி கத்தியது. சட்ட வல்லுநர்கள் பலரும் நீதிமன்றம் செய்தது 29ஆம் பிரிவுக்கு ஒத்துவராது என்றார்கள். அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். நான் அன்று இரண்டு வேளை கூடுதலாகச் சாப்பிட்டேன். மார்ச் 22 அன்று வீரர்கள் இருவரும் டெல்லியில் வந்து இறங்கினார்கள். தூதரின் வாக்குக்கு விலை வைத்ததும் சரக்கு வந்து சேர்ந்தது.

பிறகு கதை வழக்கமான பாதைக்குத் திரும்பியது. 2020இல் சர்வதேச நடுவர் மன்றம், வீரர்கள் அரசு ஊழியர்கள், அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது, இத்தாலி நஷ்ட ஈடு கொடுக்கட்டும் என்றது. 2021இல் 10 கோடி ரூபாயோடு உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. செத்தவர் குடும்பத்துக்குத் தலைக்கு 4 கோடி, படகுக்காரருக்கு 2 கோடி. ஆக இரண்டு உயிர் ஒரு படகைப்போல் நான்கு மடங்கு.

பாக்கு நீரிணைக்கு அப்பால் தூதர் பதவிக்கு வேறொரு பயன் கண்டுபிடித்தார்கள். 2009இல் வன்னியில் போர் முடிந்ததும் தளபதிகளுக்குச் சீருடையைக் கழற்றிக் கோட்டு மாட்டிவிட்டார்கள். 58ஆவது படைப்பிரிவை நடத்திய சவேந்திர சில்வா 2010இல் நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான துணை நிரந்தரப் பிரதிநிதி. உறவுகளைப் பறிகொடுத்த தமிழர்கள் அங்கே அவர்மேல் தொடுத்த சிவில் வழக்கு 2012 பிப்ரவரியில் தள்ளுபடியானது. குற்றமில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை, விலக்குரிமை இருக்கிறது, கேட்க முடியாது என்றது. வன்னிக் களத்தின் பாதுகாப்புப் படைத் தளபதியாக இருந்த ஜகத் ஜயசூரிய பிரேசிலுக்குத் தூதர். 2017 ஆகஸ்டில் மனித உரிமை அமைப்புகள் தென்னமெரிக்காவில் அவர்மேல் போர்க்குற்றப் புகார் கொடுத்த நேரத்தில் அவர் கொழும்புக்குக் கிளம்பியிருந்தார். இருவரும் குற்றச்சாட்டுகளை மறுப்பவர்கள். மறுத்த வாயை ஒரு நீதிமன்றத்தில் திறக்கும் சிரமத்தைத்தான் வியன்னா அவர்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

2018 பிப்ரவரி 4, இலங்கையின் சுதந்திர தினம். லண்டன் உயர்ஸ்தானிகராலயத்துக்கு வெளியே தமிழர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சீருடையில் வெளியே வந்த பாதுகாப்பு ஆலோசகர் பிரிகேடியர் பிரியங்க பெர்னாண்டோ, அவர்களைப் பார்த்துத் தன் விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினார். கேமராவில் பதிவானது. வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனபோது எழுந்த கேள்வியைக் கேளுங்கள்: கழுத்தறுக்கும் சைகை அவருடைய அலுவல் கடமைக்குள் வருகிறதா, வராதா? கறுப்பு அங்கி போட்ட பெரிய மனிதர்கள் அதை உட்கார்ந்து வாதாடினார்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து உயிர் தப்பி வந்த எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பாள்.

தூதராக ஆள் எடுக்கும் முறை வேறு இடங்களில் இதைவிட நாகரிகமானது, பணம் கட்டினால் போதும். 1957இல் அமெரிக்கா இலங்கைக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தவர் மேக்ஸ்வெல் க்ளக், துணிக்கடைச் சங்கிலி ஒன்றின் முதலாளி, ஆளுங்கட்சிக்கு நன்கொடை தந்தவர். செனட் விசாரணையில் செனட்டர் ஃபுல்பிரைட், இலங்கையின் பிரதமர் யார் என்று கேட்டார். மனிதருக்குத் தெரியவில்லை. பிரதமர் பண்டாரநாயக்க முந்தின வருஷம்தான் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்து உலகச் செய்தியாகியிருந்தார். தெரியாத நாட்டுக்கே தூதராக அனுப்பினார்கள். 1958இல் தமிழர் வீடுகள் எரிந்தபோது கொழும்பில் வல்லரசின் கண்ணும் காதுமாக உட்கார்ந்திருந்தவர் இவர். நார்வேக்குத் தூதராகப் பரிந்துரைக்கப்பட்ட ஓட்டல் அதிபர் ஜார்ஜ் சூனிஸ், மன்னராட்சி நடக்கும் அந்த நாட்டுக்கு ஒரு ஜனாதிபதி இருப்பதாக 2014இல் செனட்டில் பேசி வைத்தார். நார்வே தப்பித்தது. பிற்பாடு அவரைக் கிரீஸுக்கு அனுப்பினார்கள்.

வேலைக்காரப் பெண்கள் விஷயத்துக்கே திரும்புகிறேன். ஒரு நீதிமன்றம் மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தது. லண்டனில் சவூதித் தூதரக அதிகாரி ஒருவர் வீட்டில் வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண், குப்பை கொட்டப் போவதைத் தவிர வெளியே விடவில்லை, மிச்சம் மீதிதான் சாப்பாடு, மாதக்கணக்கில் சம்பளம் இல்லை என்று வழக்குப் போட்டார். அதிகாரி வழக்கம்போல் வியன்னாவை நீட்டினார். 31ஆம் பிரிவில் ஒரு பொத்தல் உண்டு: தூதர் தனியாக வணிகம் செய்தால் அதில் சிவில் விலக்கு இல்லை. 2022 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டு உண்மையானால் அந்தப் பெண்ணின் உழைப்பைச் சுரண்டி லாபம் பார்த்ததும் ஒரு வணிகமே என்றது. மூன்று நீதிபதி அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். ஓர் ஓட்டு மாறியிருந்தால் அதுவும் போயிற்று. அடிமைத்தனம் என்று கத்தினால் கதவு திறக்காதாம், வியாபாரம் என்று சொன்னால் திறக்குமாம்.

நானும் ஒரு தூதரக வாசலில் நின்றிருக்கிறேன். வளைகுடாவில் ஒரு நாடு. எந்த நாட்டில் என்பது வேண்டாம், நின்றவர்களுக்கு எல்லா வாசலும் ஒன்றுதான். உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு தூதரகத்தின் வேலைகளை வரிசைப்படுத்துகிறது, தன் குடிமக்களின் நலனைக் காப்பது அதில் இரண்டாவது. என்னோடு வந்தவர் ராமநாதபுரம் பக்கத்து ஆள், அவருடைய மச்சான் கட்டட வேலையில் மாரடைப்பில் இறந்து பத்தொன்பது நாளாக ஆஸ்பத்திரிப் பெட்டியில் கிடந்தார். கம்பெனித் தாள் வந்தால் போலீஸ் தாள் இல்லை, போலீஸ் தாள் வந்தால் தூதரகத்தின் தடையின்மைச் சான்று இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள். பேசுவதற்கு வைத்த துளை இடுப்பு உயரத்தில் இருந்தது. யார் பேசினாலும் கும்பிடுகிற மாதிரி குனிந்துதான் பேச முடியும்.

"ஸார், வீட்ல ஆத்தா சோறு தண்ணியில்லாம கெடக்கு. இன்னைக்காவது ஆகுமா ஸார்?" என்று அவர் துளைக்குள் கேட்டார்.

"ஜெராக்ஸ் தெளிவா இல்ல. வெளிய போயி திரும்ப எடுத்துட்டு வாங்க."

வெளியே ஜெராக்ஸ் கடைக்குப் போகிற வழியில் வாசல் கதவு அகலத் திறந்தது. கொடி கட்டிய கறுப்புக் கார் ஒன்று வெளியே வந்தது. காவலாளி எங்களைச் சுவரோரம் ஒதுங்கச் சொன்னார். பின் சீட்டில் இருந்தவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், தப்புச் சொல்ல மாட்டேன், ஏதாவது பெரிய விஷயமாகத்தான் இருக்கும்.

மூன்றாம் முறை போனபோது வேலை முடிந்தது. கட்டணத்துக்கு ரசீது தந்தார்கள். அதில் தனியாக ஒரு வரி, சமூக நல நிதிக்கு இவ்வளவு என்று.

"இது என்னண்ணே?" என்று என்னிடம் காட்டினார்.

"இங்க இருக்கிற நம்மாளுக யாருக்காச்சும் ஒண்ணுன்னா ஒதவுறதுக்கு ஒரு நிதி."

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மச்சானுக்கு?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி கருநீலக் கடவுச்சீட்டைக் கையில் எடுத்தார். உள்ளே ரத்து முத்திரை குத்தினார். பிறகு மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, சிங்கங்கள் படாமல், அட்டையின் மூலையை வெட்டித் துளை வழியாக நீட்டினார். அவர் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.